14 மாதத்துக்கு ஒரு வெள்ளையடிப்பு: தொழிற்சாலைச் சட்டமும் பாதாளச் சாக்கடையும் வந்த வழி

1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 11-ஆம் பிரிவு சுத்தம் பற்றியது. அதில் ஒரு விசித்திரமான எண் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் 14 மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்ப அடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையும் கிடையாது, பொங்கலுக்குப் பொங்கலும் கிடையாது, பதினான்கு மாதம். இது நம் ஊர்க் கணக்கில் பிறந்த எண் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டங்களில் இருந்த எண், கப்பலேறி இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அப்போதிருந்து “எட்டு மணி நேர வேலை போய்விட்டதா”, “இன்ஸ்பெக்டர் இனி வரமாட்டாரா” என்ற கேள்விகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பதில் தேடுவதற்கு முன், இந்த மாதிரிச் சட்டங்களை யார், யாருக்காக, எதற்குப் பயந்து கொண்டுவந்தார்கள் என்று தெரிந்துகொள்வது உதவும். கதை தொடங்கும் இடம் இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான மான்செஸ்டர். காலம் 1830-கள்.

“நடுத்தர வர்க்கம்” என்றால் அன்றைக்கு யார்?

இன்றைக்கு நடுத்தர வர்க்கம் என்றதும் மாதச் சம்பளமும் வீட்டுக் கடனும் நினைவுக்கு வரும். அன்றைய பிரிட்டனில் நிலப்பிரபுவுக்குக் கீழே, கூலிக்காரருக்கு மேலே இருந்த எல்லோருக்கும் அதுதான் பெயர். பஞ்சாலை முதலாளி, வணிகர், வக்கீல், டாக்டர், பொறியாளர், பாதிரியார், ஓரளவு வசதியான கடைக்காரர் எல்லோரும் இதற்குள் அடக்கம். 1832-இல் நாடாளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்ட் வாடகை மதிப்புள்ள வீட்டில் குடியிருந்த ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. மான்செஸ்டருக்குத் தனி எம்.பி.க்கள் கிடைத்ததும் அப்போதுதான். அதாவது இந்த வர்க்கம் அரசியலில் காலடி வைத்த நேரம் அது.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: “ரேட்”. வீட்டின் மதிப்பை வைத்து உள்ளூரில் வசூலித்த வரி. நம் சொத்து வரி மாதிரி. சாக்கடை போட வேண்டுமா, குடிநீர் கொண்டுவர வேண்டுமா, பணம் இந்த வரியிலிருந்துதான் வர வேண்டும். கட்டுபவர்கள் பெரும்பாலும் மேலே சொன்ன அதே கடைக்காரர்களும் வீட்டுச் சொந்தக்காரர்களும்தான்.

ஆகவே “நடுத்தர வர்க்கச் சீர்திருத்தம்” என்று புத்தகங்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவது ஒரு குடும்பச் சண்டையை. டாக்டர் அறிக்கை எழுதினார். கடைக்காரர் வரி கட்ட மாட்டேன் என்றார். ஒரு ஆலை முதலாளி வேலை நேரத்தைக் குறைத்தால் திவால் என்றார். இன்னொரு ஆலை முதலாளியே குறைப்பதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார்.

முற்றத்தில் ஒரு கழிப்பறை

1801-இல் மான்செஸ்டரில் ஏறக்குறைய 75,000 பேர். 1851-இல் 3 லட்சம். அரை நூற்றாண்டில் நான்கு மடங்கு. இவ்வளவு பேருக்கும் வீடு கட்டியவர்கள் சிறு சிறு கட்டடக்காரர்கள். எவ்வளவு குறைந்த நிலத்தில் எத்தனை வீடு நெருக்கலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அதில் பிறந்தது முதுகோடு முதுகு ஒட்டிய வீடு. கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. பின்சுவர்தான் அடுத்த வரிசை வீட்டுக்கும் பின்சுவர். அதனால் பின்பக்கம் ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை, காற்று குறுக்கே ஓட வழியும் இல்லை. தெருவிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் முற்றம், சுற்றிலும் இப்படிப்பட்ட வீடுகள். மூலையில் அத்தனை குடும்பங்களுக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ கழிப்பறை. அதன் பக்கத்தில் அடுப்புச் சாம்பலும் குப்பையும் மலமும் சேரும் குழி. குழி நிரம்பினால் ஆள் வைத்து அள்ளி விவசாயிகளுக்கு உரமாக விற்பார்கள். அள்ள ஆள் வரும்வரை அது அங்கேயே கிடக்கும். தண்ணீருக்குக் குழாயடி, அதுவும் நாளில் சில மணி நேரம். தரைக்குக் கீழே இருந்த நிலவறைகளிலும் குடித்தனம் நடந்தது. சென்னையில் பழைய ஸ்டோர் வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்த வரைபடம் அதிகம் விளக்காமலே புரியும்.

1831 அக்டோபரில் சண்டர்லாண்ட் துறைமுகம் வழியாகக் காலரா பிரிட்டனுக்குள் வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் 30,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதியில் ஏழைகளுக்கான மருந்தகத்தில் வேலை பார்த்த இளம் டாக்டர் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் கே, நோயாளிகளைப் பின்தொடர்ந்து இந்த முற்றங்களுக்குள் போய் வந்து 1832-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். நடைபாதை போடாத தெருக்கள், ஈரச் சுவர், கழிப்பறை இல்லாத வீடுகள் என்று எண்ணி எழுதினார். அதே கையோடு அயர்லாந்திலிருந்து வந்த கூலிகளின் பழக்கவழக்கங்கள்தான் ஊரைக் கெடுத்தன என்றும் எழுதினார். பரிதாபமும் பழியும் ஒரே பக்கத்தில் இருப்பது இந்தக் காலத்து அறிக்கைகளில் சாதாரணம்.

அழுக்கா, வறுமையா?

எட்வின் சாட்விக் ஒரு வக்கீல். 1834-இல் வந்த புதிய ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் மூளை அவர். அந்தச் சட்டத்தின் விதி கொடுமையானது: உதவி வேண்டும் என்றால் வேலை இல்லத்துக்குள் வந்து தங்கு, உள்ளே இருக்கும் நிலை வெளியே உள்ள மிகக் கீழான கூலிக்காரனின் நிலையைவிட மோசமாகத்தான் இருக்கும். வேறு வழியே இல்லாதவன் மட்டும் வரட்டும் என்பது ஏற்பாடு.

சட்டம் வந்த பிறகும் செலவு குறையவில்லை. காய்ச்சலில் குடும்பத் தலைவன் செத்தால் விதவையும் பிள்ளைகளும் நிவாரணத்துக்கு வந்தார்கள். அப்படியானால் காய்ச்சலைத் தடுப்பது மலிவு என்று சாட்விக் கணக்குப் போட்டார். 1842-இல் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அவருடைய பெரிய அறிக்கை வந்தது. அதில் அதிகம் பேசப்பட்டது, சாகும்போது சராசரி வயது என்ற அட்டவணை:

- மான்செஸ்டர்: கனவான்கள் 38, வணிகர்கள் 20, கூலிக்காரர்கள் 17
- ரட்லாண்ட் என்ற கிராமப்புற மாவட்டம்: கனவான்கள் 52, வணிகர்கள் 41, கூலிக்காரர்கள் 38

அடி எங்கே விழுகிறது பாருங்கள். மான்செஸ்டரின் பணக்காரனும் ரட்லாண்டின் பண்ணைக் கூலியும் ஒரே வயதில் சாகிறார்கள். நகரத்து வசதிக்காரர்களைத் தூக்கிவாரிப் போட்டது இந்த வரிதான்.

இந்த எண்களை இன்றும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். “மான்செஸ்டரில் தொழிலாளி 17 வயது வரைதான் வாழ்ந்தான்” என்று எழுதுவதைப் பார்க்கலாம். அப்படி இல்லை. பத்துப் பேரில் ஐந்து பேர் ஒரு வயதிலும் ஐந்து பேர் 50 வயதிலும் செத்தால் சராசரி 25 சொச்சம் வரும். 25 வயதில் ஒருவர்கூடச் சாகவில்லை. மான்செஸ்டர்த் தொழிலாளர் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஐந்து வயது தாண்டவில்லை. சராசரியைக் கீழே இழுத்தது அந்தச் சிறு சவப்பெட்டிகள். போதாததற்கு நகரத்தில் இளைஞர்கள் அதிகம். ஊரே இளமையாக இருந்தால் சாவுகளின் சராசரி வயதும் குறைவாகத்தான் வரும். இரண்டே ஆண்டில், 1844-இல், காப்பீட்டுக் கணக்கர் நீசன் இந்த முறையின் ஓட்டையை எடுத்துக்காட்டினார். ஆனால் அட்டவணை அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டது.

இனி முக்கியமான இடம். எடின்பரோவில் வில்லியம் பல்ட்னி ஆலிசன் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். காய்ச்சல் பரவுவதற்கு அடிப்படை, பசியும் வேலையின்மையும் குளிரும்தான் என்றார் அவர். ஏழைக்குக் கையில் பணம் கொடுங்கள், காய்ச்சல் குறையும். சாட்விக்கால் இதை ஏற்க முடியாது. ஏற்றால் 1834-இல் தான் எழுதிய சட்டமே நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடும். அவருடைய விடை வேறு: அழுகலிலிருந்து எழும் நாற்றக் காற்று நோயைத் தருகிறது, நோய் வறுமையைத் தருகிறது. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன.

அவர் சொன்ன தீர்வு சங்கிலி போல அமைந்தது:

1. நாற்றம்தான் நோய். எனவே நாற்றத்தின் மூலத்தை வீட்டருகே தங்கவிடக் கூடாது.
2. அள்ளி வண்டியில் ஏற்றுவது செலவு. தண்ணீரால் அடித்துச் செல்வது மலிவு.
3. அதற்கு வீட்டுக்கு வீடு இடைவிடாத குழாய்த் தண்ணீர் வேண்டும்.
4. ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் அகலமான, தட்டையான செங்கல் சாக்கடையில் கசடு தங்கும். குறுகலான, மெருகேற்றிய சுட்டமண் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும், எதுவும் தங்காது.
5. ஊருக்கு வெளியே போன கழிவை விவசாயத்துக்கு உரமாக விற்றால் பணமும் திரும்பும்.

ஐந்தாவது கடைசிவரை எதிர்பார்த்தபடி பலிக்கவில்லை. முதலாவது தப்பு. இரண்டிலிருந்து நான்கு வரை இன்று நாம் பாதாளச் சாக்கடை என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் அடித்தளம். தப்பான நோய்க் கோட்பாட்டிலிருந்து சரியான குழாய் வந்தது என்பது இந்தக் கதையின் வேடிக்கை. ஆனால் கோட்பாடு தேர்ந்தெடுத்தது குழாயை மட்டும்தான். கூலி, சாப்பாடு, வாடகை எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன.

1848: ஆயிரத்துக்கு 23

காலரா இரண்டாம் முறை வாசலில் நின்றபோது பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. லண்டனில் மத்திய சுகாதார வாரியம். ஊர்களில் உள்ளூர் வாரியம். உள்ளூர் வாரியம் எப்போது வரும்? வரி கட்டுபவர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் வரும். அல்லது அந்த ஊரில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 23-க்கு மேல் சாவு இருந்தால், மேலிருந்து திணிக்கலாம்.

இந்தத் திணிப்புதான் பிரச்சினை ஆனது. ஊர்களில் “அழுக்குக் கட்சி” என்று எதிராளிகளால் கேலி செய்யப்பட்ட கூட்டம் கிளம்பியது. பெரும்பாலும் சிறு வீட்டுச் சொந்தக்காரர்கள். இரண்டு மூன்று வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவருக்குக் கழிப்பறை வைப்பதும் குழாய் இழுப்பதும் ஓர் ஆண்டு வருமானத்தையே விழுங்கும் செலவாகத் தெரிந்தது. அவர்கள் வெறும் வில்லன்கள் இல்லை என்பது என் எண்ணம். செலவு அவர்கள் தலையில், பலன் குடியிருப்பவனுக்கு என்ற ஏற்பாட்டில் யாராக இருந்தாலும் முரண்டு பிடித்திருப்பார்கள். சாட்விக்கின் அதட்டும் சுபாவம் நிலைமையை மோசமாக்கியது. 1854-இல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரோக்கியமாக இரு என்று மிரட்டப்படுவதைவிடக் காலராவிடம் எங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்ற பொருளில் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் எழுதியது.

எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. 1848-49 காலராவின்போது நாற்றத்தை ஒழிக்கிறோம் என்று லண்டனின் மலக்குழிகளையும் சாக்கடைகளையும் தேம்ஸ் நதிக்குள் அடித்து விட்டார்கள். குடிநீர் நிறுவனங்களில் பல அதே நதியிலிருந்துதான் தண்ணீர் எடுத்தன.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் சில வாரங்களுக்குள் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டாக்டர் ஜான் ஸ்னோ சாவுகளைத் தெருவாரியாகக் குறித்து, ஒரே ஒரு அடிபம்பைச் சுட்டினார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஸ்னோவை முதலில் நம்பாத உள்ளூர்ப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் வீடு வீடாக விசாரித்து மூலத்தைக் கண்டுபிடித்தார். பம்புக்கு மிக அருகிலிருந்த 40-ஆம் எண் வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை, வீட்டு முன்புறத்து மலக்குழியில் கொட்டியிருந்தார்கள். குழிச் சுவர் உளுத்திருந்தது. கிணறு பக்கத்திலேயே இருந்தது. அவ்வளவுதான். அப்படியும் சுகாதார வாரியம் நாற்றக் காற்றுக் கோட்பாட்டை விடவில்லை.

நாடாளுமன்றத்தை அசைத்தது 1858 கோடை. தேம்ஸின் நாற்றம் தாங்காமல் அவையின் திரைச்சீலைகளைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பதினெட்டே நாளில் சட்டம் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் நதிக்கு இணையாக 82 மைல் நீளத்துக்குப் பெரும் சாக்கடைகள் போட்டு, கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோனார். 1866-இல் காலரா மீண்டும் வந்தபோது லண்டனில் அது வெறியாட்டம் ஆடிய இடம் கிழக்குப் பகுதி. புதிய சாக்கடையோடு இன்னும் முழுதாக இணைக்கப்படாமல் இருந்தது அந்தப் பகுதிதான். இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டுக்கூடச் செய்திருக்க முடியாது.

மில்லுக்குள்: கடைசி ஒரு மணி நேரம்

தெருவில் நடந்த சண்டை வரியைப் பற்றியது; மில்லுக்குள் நடந்தது லாபத்தைப் பற்றியது. அதனால் இன்னும் கடுமை.

1833 சட்டம் ஜவுளி ஆலைகளுக்கு மூன்று வரம்புகளை வைத்தது:

1. ஒன்பது வயதுக்குக் கீழே வேலைக்கு எடுக்கக் கூடாது.
2. 9 முதல் 13 வரை வாரத்துக்கு 48 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் படிப்பு.
3. 13 முதல் 18 வரை நாளுக்கு 12, வாரத்துக்கு 69 மணி நேரம்.

18 வயது தாண்டிய ஆணுக்கு வரம்பே இல்லை. ஏன்? வயது வந்த ஆண் தன் உழைப்பைத் தானே விலைபேசும் சுதந்திர மனிதன், அவனுடைய ஒப்பந்தத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய பொருளாதார வேதம். குழந்தைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, ஆகவே குழந்தையைக் காப்பாற்றலாம். 1844-இல் பெண்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். தொழிலாளர் குழுக்கள் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தின: நூற்பாலையில் பெண்களும் பிள்ளைகளும் இல்லாமல் இயந்திரம் ஓடாது, அவர்கள் நேரத்தைக் குறைத்தால் ஆண்கள் நேரமும் தானே குறையும்.

இந்தக் கோரிக்கை நேராகப் பத்து மணி நேரத்தைக் குறிவைத்தபோது, 1837-இல் பொருளாதாரப் பேராசிரியர் நாசாவ் சீனியர் ஒரு கணக்கைக் காட்டினார். வாரம் 69 மணி என்றால் சராசரி நாளுக்கு பதினொன்றரை மணி, அதாவது 23 அரை மணிகள். ஆலையின் முதலீடு 1,00,000 பவுண்ட், ஆண்டு விற்றுமுதல் 1,15,000. ஆக, ஒவ்வொரு அரை மணியும் 5,000 பவுண்ட் தருகிறது. முதல் 20 அரை மணிகள் முதலீட்டைத் திருப்புகின்றன. 21-ஆவது, தேய்மானத்துக்கு. கடைசி இரண்டு அரை மணிகள்தான் 10,000 பவுண்ட் லாபம். எனவே ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் லாபம் பூஜ்யம்.

பார்ப்பதற்குக் கச்சிதம். ஓட்டை எங்கே? வேலை நேரம் குறைந்தால் அன்றைக்கு உள்ளே போகும் பஞ்சும் குறையும், எண்ணெயும் நிலக்கரியும் குறையும். அந்தச் செலவெல்லாம் முழுதாக அப்படியே நிற்கும், வரவு மட்டும் குறையும் என்று அவர் வைத்துக்கொண்டார். இன்னொன்று, பன்னிரண்டாவது மணியில் நிற்கும் ஆளும் முதல் மணியில் நிற்கும் ஆளும் ஒரே வேகத்தில் இழை முடிவார்கள் என்பது மில்லுக்குள் ஒருநாள் நின்று பார்த்தவர் போடும் கணக்கு இல்லை. 1844-இல் பிரெஸ்டனில் கார்ட்னர் என்ற முதலாளி தன் ஆலைகளில் 12 மணியை 11 ஆக்கிப் பார்த்தார். ஓராண்டுக்குப் பிறகும் உற்பத்தி குறையவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் லெனார்ட் ஹார்னர் இதைத் தன் அறிக்கையில் பதிவு செய்தார்.

பத்து மணி நேரச் சட்டம் 1847-இல் வந்தது. அவையில் அதைக் கொண்டுவந்தவர் ஜான் ஃபீல்டன், டாட்மார்டனின் பெரிய பஞ்சாலை முதலாளி. ஆதரித்து ஓட்டுப் போட்ட நிலப்பிரபுக்களில் பலருக்கு முந்தைய ஆண்டுக் கோபம் பாக்கி இருந்தது. தானிய இறக்குமதிக்கான வரித் தடையை ஆலை முதலாளிகள் தரப்பு உடைத்து, அவர்கள் விவசாய வருமானத்தில் கைவைத்திருந்தது. நல்ல சட்டங்கள் எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் பிறக்கும் என்று இல்லை.

முதலாளிகள் ஆட்களைப் பல ஷிப்டாகக் கலைத்துப் போட்டு, யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்று ஆய்வாளரால் எண்ண முடியாதபடி செய்தார்கள். 1850-இல் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அதே ஆண்டு ஒரு சமரசம்: பெண்களும் இளையவர்களும் காலை 6 முதல் மாலை 6 வரைக்குள் மட்டும், சனிக்கிழமை மதியம் 2 மணியோடு நிறுத்தம், வாரம் 60 மணி நேரம். 58-ஆக இருந்தது இரண்டு மணி கூடியது. பதிலுக்கு, கடிகாரத்தைப் பார்த்தே மீறலைப் பிடிக்க முடிந்தது. சனிக்கிழமை அரைநாள் லீவு என்ற வழக்கம் ஊன்றியதில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு.

இதையெல்லாம் அமல்படுத்த 1833-இல் நியமிக்கப்பட்டவர்கள் நாடு முழுமைக்கும் நான்கே ஆய்வாளர்கள். முதல் தலைவலி, வயது. இங்கிலாந்தில் பிறப்புப் பதிவே 1837-இல்தான் தொடங்கியது. அதனால் டாக்டர்கள் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். ஒரு பல் மருத்துவர், முளைத்திருக்கும் பல்லை எண்ணினால் வயது தெரியும் என்று அட்டவணையே போட்டுத் தந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான். அதையும் தாண்டி வழக்குப் போட்டால், அபராதம் விதிக்கும் உள்ளூர் நீதிபதிகள் மென்மையாக நடந்துகொண்டார்கள்.

ஐந்து சதவீத இரக்கம்

வீட்டு விஷயத்தில் இந்த வர்க்கம் கண்டுபிடித்த வழி தனி ரகம். தர்மம் செய்தால் ஏழை கெட்டுப்போவான், முழு லாபம் பார்த்தால் வீடு கட்டுப்படியாகாது. நடுவில், முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு நல்ல வீடு கட்டுவது. ஆக்டேவியா ஹில் 1865-இல் லண்டனின் மேரில்போன் பகுதியில் மூன்று பழைய வீடுகளோடு தொடங்கினார். வாரா வாரம் பெண்கள் நேரில் போய் வாடகை வாங்குவார்கள். ஒழுகும் கூரையையும் விசாரிப்பார்கள், குடித்தனக்காரரின் ஒழுங்கையும் கவனிப்பார்கள். பாக்கி வைத்தால் வெளியே. அமெரிக்க வணிகர் ஜார்ஜ் பீபடியின் பணத்தில் எழுந்த அடுக்குமாடிகளில் வாடகை முன்கூட்டியே கட்ட வேண்டும், குடும்பத்தில் எல்லோரும் அம்மை குத்தியிருக்க வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், 5 சதவீதம் தேறும் வாடகையை நிலையான சம்பளம் உள்ள கைத்தொழிலாளியால்தான் கட்ட முடிந்தது. துறைமுகத்தில் அன்றன்று கூலி கிடைத்தால் உண்டு என்றிருந்தவன் பழைய முற்றத்திலேயே கிடந்தான். இடித்துக் கட்டியபோது அந்த முற்றமும் போயிற்று. லண்டன் மாநகராட்சி மன்றம் 1890-களில் ஓல்ட் நிக்கல் என்ற பகுதியை இடித்து பவுண்டரி எஸ்டேட் கட்டியது. வெளியேற்றப்பட்டவர்கள் 5,719 பேர். புதிய வீடுகளில் குடியேறிய பழைய ஆட்கள் 11 பேர். மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களில் போய் நெருக்கினார்கள். சென்னையில் நதிக்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் என்ன ஆனார்கள் என்று கவனித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

பர்மிங்ஹாமில் திருகாணித் தொழிலதிபர் ஜோசப் சேம்பர்லின், 1873 முதல் 1876 வரை மேயராக இருந்து, எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகராட்சிக்கே வாங்கிப்போட்டார். எரிவாயு லாபத்தில் நகரம் மேம்பட்டது. வரி கட்டுபவரை வாய் திறக்கவிடாத உபாயம் இது ஒன்றுதான். அவர் இடித்துத் திறந்த கார்ப்பரேஷன் தெருவில் அழகான கடைகள் வந்தன. இடிபட்ட வீடுகளுக்கு ஈடான வீடுகள் வரவில்லை.

அறுபது ஆண்டு தாமதமான பதில்

சாட்விக்கின் குழாய் காலராவை ஒழித்தது, டைபாய்டைக் குறைத்தது. ஆனால் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1840-களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 150. 1900-இலும் ஏறக்குறைய அதே 150. குழாய் எட்டாத இடம் ஒன்று இருந்தது.

அதைக் காட்டியவர்களும் முதலாளிகள்தான். லிவர்பூல் கப்பல் முதலாளி சார்லஸ் பூத், தெருத்தெருவாக எண்ணி, லண்டனில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாகக் கண்டார். சாக்லேட் குடும்பத்தின் சீபோம் ரவுன்ட்ரி 1901-இல் யார்க் நகரத்துக்கு வெளியிட்ட கணக்கில் 27.84 சதவீதம். உடம்பைக் காக்கும் குறைந்தபட்சச் செலவுக்கே வருமானம் போதாத குடும்பங்களைத் தனியாகப் பிரித்து, ஏன் போதவில்லை என்று ரவுன்ட்ரி கேட்டார். குடியா, சோம்பலா? பாதிக்கு மேற்பட்டோர் விஷயத்தில் குடும்பத் தலைவன் நிரந்தர வேலையில்தான் இருந்தான், கூலி போதவில்லை. ஆலிசன் எடின்பரோவில் சொன்னதற்கு அறுபது ஆண்டு கழித்து எண் கிடைத்தது. அதன் பிறகுதான் 1906-இல் பள்ளிச் சாப்பாடு, 1908-இல் முதியோர் ஓய்வூதியம், 1911-இல் நோய்க் காப்பீடு.

நம் சட்டத்தின் தலைமுறைகள்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881. இங்கேயும் இரக்கமும் கணக்கும் கலந்துதான் வந்தன: பம்பாய் மில்கள் மலிவு உழைப்பில் தங்களை முந்துகின்றன என்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பஞ்சாலை முதலாளிகள் அழுத்தம் கொடுத்தார்கள். ஏழு வயதுக்குக் கீழே தடை, 12 வரை ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான். தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு. பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு 1891-இல். வாரம் 60 மணி 1922-இல், 54 மணி 1934-இல், 48 மணி 1946-இல்.

சென்னையில் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோதும் முன்னால் நின்றது நடுத்தர வர்க்கம்: துணி வணிகர் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, தலைவராக பி.பி. வாடியா, துணைக்குத் திரு.வி.க. ஆனால் கூட்டத்தை நிரப்பியவர்கள் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள். மில் நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட, உயர் நீதிமன்றம் தடையாணை கொடுக்க, அந்த அதிர்ச்சியிலிருந்து 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் திருத்தத்தை நிறைவேற்றி, எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வாரம் 48 மணிதானே, நான்கு நாளில் முடித்தால் என்ன என்பது அப்போதைய வாதம். வாரக் கணக்கு சரியாகவே இருந்தாலும், 12-ஆவது மணியில் கை எந்த வேகத்தில் ஓடும், விரல் எங்கே போகும் என்பது நாள் கணக்கு. பிரெஸ்டனில் அளந்தது அதைத்தான்.

புதிய தொகுப்பில் வாரம் 48 மணி வரம்பு அப்படியே இருக்கிறது. ஆய்வாளர் என்ற பதவி “ஆய்வாளர்-உதவியாளர்” என்று பெயர் மாறியிருக்கிறது. ஆனால் அதிகம் பேசப்படாத மாற்றம் “தொழிற்சாலை” என்ற சொல்லின் வரையறையில் இருக்கிறது. இயந்திர சக்தியோடு இயங்கும் இடத்தில் எத்தனை பேர் இருந்தால் அது தொழிற்சாலை? 1881-இல் 100 பேர். 1891-இல் 50. 1922-இல் 20. 1948-இல் 10. ஒவ்வொரு தலைமுறையிலும் கீழே இறங்கிக்கொண்டே வந்த எண், இப்போது முதன்முறையாக மேலே ஏறி மறுபடி 20-இல் நிற்கிறது. 10 பேர் இருந்தால் “நிறுவனம்” என்ற பொதுக் கணக்கில் சட்டம் தொடும். தொழிற்சாலைக்கென்று உள்ள பிரிவுகள் தொடாது. திருப்பூரில் ஒரு மாடியில் பதினைந்து பேர் உட்கார்ந்து தைக்கும் பவர் டேபிள் யூனிட், 1948 சட்டப்படி தொழிற்சாலை. இன்றைய சட்டப்படி இல்லை.